பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு வர்ற பயங்கரக் கனவு: எது சாதாரணம், எப்போ ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?

கெடிலக்கரை (வீட்டு நர்சிங், கடலூர்)

பாண்டியில ஆபரேஷன் முடிச்சுட்டு கடலூர், நெல்லிக்குப்பம், குறிஞ்சிப்பாடி பக்கம் வீட்டுக்கு வர்றவங்களை ராத்திரி பார்த்துக்கிற எல்லாருக்கும் வர்ற கேள்வி இது. பைபாஸ், குடல் ஆபரேஷன், இடுப்பு எலும்பு, எதுவா இருந்தாலும் சரி. பகல்ல நல்லா பேசுறவர் விடியக்காலை மூணு மணிக்கு "என்னைக் கட்டிப் போட்டிருக்காங்க, அவுத்து விடுங்க"ன்னு கத்துறார். வீட்டுல ஆளுக்கொரு காரணம் சொல்றாங்க. மயக்க மருந்து இன்னும் இறங்கலை, காத்து கருப்பு அடிச்சிருக்கு, வலி மாத்திரையை நிறுத்து, தூக்க மாத்திரை போடு. டிஸ்சார்ஜ் சம்மரியில இதைப் பத்தி ஒரு வரி இருக்கிறதில்ல. பக்கத்துல உட்கார்ந்திருக்கிற ஆள் முதல்ல எதைப் பார்க்கணும், அப்புறம் எதைப் பார்க்கணும்? விவரம் தெரிஞ்சவங்க எழுதுங்க.

மாதிரிக்கு ஒரு மருந்துச் சீட்டு: வயசு 62, பைபாஸ் முடிஞ்சு 8ஆம் நாள். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி 30/70 இன்சுலின், மெட்டோபிரோலால், ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாடின், பாண்டோபிரசோல், வலிக்கு டிராமடாலும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை.

இரவுப்பணி (ஐசியூ செவிலியர், புதுச்சேரி)

மயக்க மருந்து விஷயத்தை முதல்ல முடிச்சுடலாம் அக்கா. புரொபோபால், செவோபுளூரேன் எல்லாம் பெரும்பாலும் அன்னைக்கே உடம்பை விட்டு இறங்கிடும். எட்டாம் நாள் கனவுக்கு அதைக் காரணமா சொல்ல முடியாது. கெட்டமின் கொடுத்திருந்தா பயமுறுத்துற காட்சிகள் வரும், ஆனா அது கண் முழிக்கிற சில மணி நேரத்துல, மிஞ்சிப்போனா முதல் நாளோட போயிடும்.

காரணம் தூக்கத்தோட கணக்குல இருக்கு. தூக்கம் ஏறக்குறைய 90 நிமிஷச் சுத்தா ஓடும். சுத்தோட கடைசியில மூடின இமைக்குள்ள கண்மணி வேகமா அலையுற கட்டம் வரும். ரெம் தூக்கம்னு டாக்டர்கள் சொல்றது அதைத்தான். கதை மாதிரி தெளிவா நீளுற கனவு பெரும்பாலும் இதுலதான் வருது. பெரியவங்களுக்கு மொத்தத் தூக்கத்துல இது 20-25 சதவீதம். நெஞ்சையோ வயித்தையோ திறந்து செய்யுற ஆபரேஷன் முடிஞ்ச முதல் ரெண்டு ராத்திரி இந்த ரெம் ஏறக்குறைய இல்லாமலே போயிடும். காயத்தால ஏறுற ஸ்ட்ரெஸ் ஹார்மோன், மார்பின் வகை வலி மருந்து, அணையாத வார்டு லைட், மணிக்கொரு தடவை பிபி பார்க்கிறது எல்லாம் சேர்ந்து அதை அமுக்கி வெச்சிருக்கும். ரெண்டாம் ராத்திரியில இருந்து அஞ்சாம் ராத்திரிக்குள்ள விட்டுப்போனது வட்டியோட திரும்பி வரும். அப்போ கனவு நீளம், கலர், பயம் எல்லாமே அதிகம். வார்டுல தூங்கவே முடியாதவருக்கும், மார்பினோ டிராமடாலோ குறைக்கிற நேரத்துலயும் இதே மாதிரி வீட்டுக்கு வந்த பிறகும் நடக்கும். லேப்ராஸ்கோப்பில பித்தப்பை எடுக்கிற அளவு ஆபரேஷன்ல இவ்வளவு இருக்காது.

இன்னொண்ணும் இருக்கு. கனவு எல்லாருக்கும் தினமும் வருது, நடுவுல முழிச்சாத்தான் ஞாபகம் நிக்கும். வலி, இருமல், மூத்திரம்னு ராத்திரி நாலு தடவை முழிக்கிறவருக்கு நாலு கனவு ஞாபகம் இருக்கும்.

"கட்டிப் போட்டாங்க"ங்கிறதை வெறும் பிதற்றல்னு விடாதீங்க. வென்டிலேட்டர் குழாயைப் பிடுங்கிடக் கூடாதுன்னு ஐசியூவுல சிலருக்குக் கையைத் துணியால கட்டிலோட கட்டியிருப்பாங்க. அந்த உணர்வுதான் கனவுல திரும்புது. தொண்டையில குழாய் இருந்தவங்களுக்கு மூச்சு முட்டுற, தண்ணியில மூழ்குற கனவு. யூரின் டியூப் இருந்தவங்களுக்கு யாரோ கீழ பிடிச்சு இழுக்கிற கனவு. நடந்தது பாதி, மூளை கோத்தது பாதி.

மருந்துச்சீட்டு (மருந்தாளுநர், திருப்பாதிரிப்புலியூர்)

அந்தச் சீட்டைக் கையில எடுத்தா எனக்கு முதல்ல கண்ணுல படுறது கனவு மருந்து இல்ல, இன்சுலின். ஆபரேஷனுக்கு முன்னாடி நாலு இட்லி சாப்பிட்டவர் இப்போ ஒண்ணரை இட்லியோட தட்டைத் தள்ளுறார். இன்சுலின் அளவு மட்டும் பழையபடி. 30/70ங்கிறது சீக்கிரம் வேலை செய்யுறதும் மெதுவா வேலை செய்யுறதும் கலந்த இன்சுலின். அதுல இருக்கிற மெதுவான பகுதி போட்ட நாலு மணி நேரத்துல இருந்து பத்து மணி நேரத்துக்குள்ள உச்சத்துக்கு வரும். எட்டு மணிக்குப் போட்டா நடுராத்திரிக்கு மேல விடியுற வரைக்கும் சர்க்கரை இறங்குற நேரம். சர்க்கரை இறங்கினாலே பயங்கரக் கனவு வரும், கத்துவாங்க, முழிச்சா குழப்பமா இருப்பாங்க.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. இதயத் துடிப்பைக் குறைக்கிற மெட்டோபிரோலால் சாப்பிடுறவருக்குப் படபடப்பும் கை நடுக்கமும் தெரியாது, மருந்து அதை மறைச்சுடும். வியர்வையை மட்டும் மறைக்காது. அதனால கத்தி எழுந்தவரோட பின்கழுத்தையும் பனியன் முதுகையும் தொட்டுப் பாருங்க. ஃபேன் ஓடுற ரூம்ல பனியன் சில்லுனு நனைஞ்சிருந்தா உடனே குளுக்கோமீட்டர். 70க்குக் கீழ இருந்தா மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கரைச்சுக் குடுங்க, 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க, ஏறலைன்னா அதே அளவு இன்னொரு தடவை, ஏறினதும் ரெண்டு பிஸ்கட்டோ பாலோ. கூப்பிட்டா கண் திறக்காதவர் வாயில எதையும் ஊத்தக் கூடாது, 108. காலையில டாக்டருக்குச் சொல்லி இன்சுலின் அளவைத் திருத்தணும்.

அடுத்து மெட்டோபிரோலால். கொழுப்புல கரையுற மருந்து, மூளைக்குள்ள சுலபமா போகும். ராத்திரி சுரக்கிற தூக்க ஹார்மோன் மெலடோனினையும் குறைக்கும். கெட்ட கனவு இதுக்குத் தெரிஞ்ச பக்கவிளைவுதான். இதே வகையைச் சேர்ந்த புரோப்ரனோலாலும் அப்படித்தான். அட்டெனோலால்ல குறைவு. ஆனா தயவுசெஞ்சு வீட்டுலயே நிறுத்தாதீங்க. பைபாஸ் முடிஞ்சவர் இதைத் திடீர்னு விட்டா நெஞ்சுவலி, மாரடைப்பு வரைக்கும் போகும். வேளையைக் காலைக்கு மாத்தலாமா, வேற மருந்து தரலாமான்னு டாக்டர்தான் முடிவு பண்ணணும்.

சாமியார்பேட்டை

கனவுக்கு டிராமடாலும் காரணம்னு சொல்றாங்களே, அதை மட்டும் நிறுத்திட்டா போதாதா? ரெண்டு நாள் வலியைப் பல்லைக் கடிச்சுப் பொறுத்துக்கலாம்.

மருந்துச்சீட்டு

வேண்டாம் சார். வலியோட படுக்கிறவர் அரைமணிக்கு ஒரு தடவை முழிப்பார். கனவு இன்னும் அதிகம் ஞாபகம் நிக்கும். வலிக்குப் பயந்து இருமாம இருந்தா சளி கட்டி நிமோனியா வரும். வயசானவங்களுக்கு அடங்காத வலியே புத்திக் குழப்பத்தைக் கொண்டுவரும். டிராமடாலை வாரக்கணக்கா சாப்பிட்டவர் திடீர்னு விட்டா அமுங்கியிருந்த ரெம் பொங்கி வந்து கனவு கூடத்தான் செய்யும்.

டாக்டர்கிட்ட இப்படிக் கேளுங்க: பாராசிட்டமால் 650ஐ ஆறு மணி நேரத்துக்கு ஒண்ணு அடிப்படையா வெச்சுக்கிட்டு, டிராமடாலைப் படிப்படியா குறைக்கலாமா? சேர்ந்த மாத்திரையில டிராமடால் 37.5, பாராசிட்டமால் 325 மில்லிகிராம் இருக்கு. அந்த 325ஐயும் கணக்குல சேர்க்கணும், இல்லைன்னா ரெண்டு பக்கமும் பாராசிட்டமால் ஏறி கல்லீரல் அடிவாங்கும். நேரமும் முக்கியம். சாயந்திரம் ஏழு மணிக்குப் போட்ட டிராமடால் ஒரு மணிக்கு வேலையை முடிச்சுடும். பத்து மணிக்குப் போட்டா விடியற்பக்கம் வரைக்கும் தாங்கும். ஏற்கெனவே எஸ்சிட்டாலோபிராம் மாதிரி மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுறவருக்கு டிராமடால் சேர்ந்தா நடுக்கம், காய்ச்சல், உடம்பு விறைப்பு வரலாம். கடையில சீட்டைக் காட்டுறப்போ பழைய சீட்டையும் சேர்த்துக் காட்டுங்க.

கனவைக் கிளப்புற மத்ததையும் சொல்லிடுறேன். ஸ்டீராய்டு மாத்திரையை ராத்திரி போடாதீங்க, காலையில போடுற மாதிரி கேட்டுக்கங்க. லெவோபிளாக்ஸசின், சிப்ரோபிளாக்ஸசின் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். மாண்டெலுகாஸ்ட்டும் அந்தப் பட்டியல்ல உண்டு. ஞாபகமறதிக்குக் குடுக்கிற டொனெபெசில் ராத்திரி வேளையில இருந்தா காலைக்கு மாத்தச் சொல்வாங்க. சளிக்குன்னு வீட்டுல கிடக்கிற அவில், சிபிஎம் (குளோர்பெனிரமின்) கலந்த சிரப்பை 65 வயசு தாண்டினவங்களுக்குக் குடுத்துடாதீங்க. தூங்க வைக்கும்னு நினைச்சுக் குடுக்கிறது புத்தியைக் குழப்பி, மூத்திரத்தையும் அடைச்சுடும்.

இரவுப்பணி

கெட்ட கனவுக்கும் புத்திக் குழப்பத்துக்கும் உள்ள வித்தியாசம் இந்த இழையிலயே முக்கியமானது. டெலிரியம்னு சொல்ற இந்தக் குழப்பம் மூளைக்கு ஏதோ கிடைக்கலை, இல்ல ஏதோ நஞ்சாகுதுன்னு காட்டுற அறிகுறி. கனவு கண்டவர் முழிச்ச அஞ்சு பத்து நிமிஷத்துல தெளிவாயிடுவார், "கனவு கண்டேன்"னு அவரே சொல்வார். டெலிரியத்துல இருக்கிறவர் முழிச்ச பிறகும் அதுக்குள்ளேயே இருப்பார். காலையில பரவாயில்லாம இருந்து சாயந்திரம் ஆக ஆகக் கெடும். பேச்சு ஒரு விஷயத்துல நிக்காது.

வீட்டுல செய்யுற சோதனை: கிழமையைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லுங்க. சனி, வெள்ளி, வியாழன்னு வரணும். பேச முடியாத அளவு அசதின்னா அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு, "நான் 'க' சொல்றப்போ மட்டும் அழுத்துங்க"ன்னு சொல்லிட்டு, மெதுவா பத்து எழுத்து சொல்லுங்க: க, ம, த, க, ப, க, ல, க, ர, ச. ஐசியூவுல இதே முறையை இங்கிலீஷ் எழுத்தை வெச்சு செய்வோம். 'க'வுக்கு அழுத்தாதது, வேற எழுத்துக்கு அழுத்தினது, ரெண்டும் சேர்த்து மூணு தப்புக்கு மேல போனாலோ மூணே இருந்தாலோ கவனம் நிக்கலைன்னு அர்த்தம். காது மெஷின் போடுறவருக்கு மெஷினை மாட்டிட்டுத்தான் சோதிக்கணும்.

எல்லாரும் கோட்டை விடுற இடம் அமைதியான டெலிரியம். கத்தலை, எழுந்திரிக்கலை, நாள் முழுக்கக் கண்ணை மூடிக்கிட்டு இருக்கார், கூப்பிட்டா "ம்"னு சொல்லிட்டு மறுபடி போயிடுறார். "பாவம், நல்லா தூங்குறார், தொந்தரவே இல்ல"ன்னு குடும்பம் நிம்மதியா இருக்கும். கத்துறவரை விட இவருக்குத்தான் ஆபத்து அதிகம். காரணம் சோடியம் குறைஞ்சதா இருக்கலாம், மூத்திரத்துல கிருமி, அடைபட்ட மூத்திரம், நாள் கணக்கா போகாத மலம், ஆக்சிஜன் குறைவு, தையல்ல சீழ், சர்க்கரை, மருந்து எதுவேணா இருக்கலாம். இதுக்கு வீட்டு வைத்தியம் கிடையாது. சோதனையில தப்பினா விடியட்டும்னு காத்திருக்காம கூட்டிட்டுப் போங்க. எல்லா மாத்திரை அட்டையும் ஒரு பையில போட்டு எடுத்துக்கங்க.

அரியாங்குப்பம் பிசியோ

மூச்சைப் பத்தி யாரும் சொல்லலை. ரெம் தூக்கத்துல உடம்புத் தசையெல்லாம் தளர்ந்துடும், தொண்டைத் தசையும் சேர்ந்து. குறட்டை விடுறவங்களுக்கு அந்த நேரத்துல மூச்சுக்குழல் அடைஞ்சு, ஆக்சிஜன் இறங்கி, திணறி முழிப்பாங்க. "யாரோ நெஞ்சு மேல ஏறி உட்கார்ந்து கழுத்தை நெரிச்சாங்க"ன்னு சொல்றதுல கொஞ்சம் பேருக்கு இதுதான் சங்கதி. அதனாலதான் மூச்சடைப்பு உள்ளவங்களுக்கு முதல் ராத்திரியை விட மூணாம் ராத்திரி மோசமா இருக்கு. மல்லாந்தே படுக்கணும்கிற பைபாஸ் நோயாளிக்கு இன்னும் சிரமம்.

குறட்டை நின்னு, பத்து செகண்டோ மேலயோ சத்தமே இல்லாம, அப்புறம் பெருசா இழுத்து மூச்சு விடுறாரா பாருங்க. ரெண்டு நிமிஷம் போன்ல வீடியோ எடுத்து டாக்டருக்குக் காட்டினா ஆயிரம் வார்த்தை சொல்ல வேண்டியதில்ல. ஆக்சிமீட்டரை நகப்பூச்சு இல்லாத, குளிராத விரல்ல மாட்டி அரை நிமிஷம் விட்டுப் படிங்க. 90க்குக் கீழேயே நின்னா ஆஸ்பத்திரி. தலைப்பக்கத்தை 30 டிகிரி உயர்த்துங்க. ரெண்டு தலகாணியைக் கழுத்துக்கு மட்டும் வெச்சா தாடை நெஞ்சுல முட்டி மூச்சு இன்னும் அடைக்கும். இடுப்புல இருந்து சரிவா வர்ற மாதிரி மெத்தைக்கு அடியில மடிச்ச போர்வையோ பலகையோ குடுக்கணும். தூக்கத்துல மூச்சுக்குழல் மூடாம இருக்கக் காத்தைத் தள்ளுற சிபாப் மெஷினை ஏற்கெனவே வெச்சிருக்கிறவங்க ஆபரேஷனுக்குப் போறப்பவே அதைக் கையோட எடுத்துட்டுப் போகணும்.

கனவுல திமிறி எழுந்திரிக்கிறது பைபாஸ்காரருக்குத் தனி ஆபத்து. நெஞ்செலும்பு சேர 6-8 வாரம் ஆகும். கையை ஊன்றி எழுந்தா கம்பி போட்ட இடத்துல இழுக்கும். நெஞ்சோட ஒரு தலகாணியை அணைச்சுக்கிட்டு, உடம்பை மொத்தமா ஒரு பக்கம் புரட்டி, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, நீங்க முதுகுக்குப் பின்னாடி கை குடுத்துத் தூக்கணும். அக்குள்ல கை போட்டுத் தூக்காதீங்க. இதைப் பகல்லயே பழக்கி வெச்சாத்தான் ராத்திரி வரும்.

கெடிலக்கரை

எழுப்புறதைப் பத்தி நானும் சேர்க்கிறேன். தோளைப் பிடிச்சு உலுக்கக் கூடாது. தலைமாட்டுல நின்னு குனிஞ்சு பார்த்தா ஐசியூவுல கண்ட முகம் மாதிரியே தெரிஞ்சு இன்னும் மிரளுவாங்க. லைட்டைப் போட்டு, கால்மாட்டுப் பக்கம் முகம் தெரியுற மாதிரி நின்னு, முறை வெச்சுக் கூப்பிடுங்க: "மாமா, நான்தான். நம்ம வீட்டுல இருக்கீங்க. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுடுச்சு. மணி மூணரை." அப்புறம் கையைத் தொடலாம். கண்ணாடியை மாட்டி விடுங்க, ஒரு வாய் தண்ணி குடுங்க. கனவுல வந்தது பொய்னு வாதாடாதீங்க. ஜீரோ வாட்ஸ் பல்பும், படுத்தபடியே தெரியுற பெரிய கடிகாரமும் அந்த ரூம்ல கட்டாயம் இருக்கணும்.

தேவனாம்பட்டினம்

செத்துப்போன வீட்டுக்காரர் விடியக்காலை கனவுல வந்து "வா போகலாம்"னு கூப்பிட்டதா ஒரு அம்மா சொல்றாங்க. விடியக்காலைக் கனவு பலிக்கும்னு அவங்க தூங்கவே பயப்படுறாங்க. பிள்ளைங்க ராத்திரியோட ராத்திரியா மந்திரிக்கக் கூட்டிட்டுப் போகலாம்னு நிக்கிறாங்க. இவங்ககிட்ட என்ன சொல்றது?

வேப்பமர நிழல் (மனநல ஆலோசகர், வில்லியனூர்)

ராத்திரியின் முதல் பாதியில ரெம் கட்டம் சில நிமிஷம்தான், விடியப்போகும் நேரத்தில் அது நீண்டுகொண்டே போகும். அதனால் ஞாபகத்தில் நிற்கும் கனவு யாருக்கும் பெரும்பாலும் விடியக்காலைக் கனவாகத்தான் இருக்கும். அதே வார்டில் ஆபரேஷன் செய்துகொண்டு, செத்தவர்களைக் கனவில் கண்டு, நல்லபடியாக வீட்டுக்குப் போனவர்கள் ஏராளம். இதை அந்த அம்மாவிடம் பகலில், பதறாமல் சொல்லுங்கள். அவர் என்ன கூப்பிட்டார், எப்படி இருந்தார் என்று கேளுங்கள், பேச விடுங்கள். பிள்ளைகள் "அபசகுனம், பேசாதே" என்று வாயை அடைத்தால் பயம் உள்ளேயே தங்கிவிடும்.

விபூதி பூசுவது, தலைமாட்டில் சாமி படம், விளக்கு எல்லாம் இருக்கட்டும், அது அவர்களுக்குத் தெம்பு. ஆனால் புதுத் தையலோடு ஷேர் ஆட்டோவில் குலுங்கவைத்துக் கூட்டிப் போவது வேண்டாம். கதவைச் சாத்தி சாம்பிராணி போடுவதும் வேண்டாம், நெஞ்சு ஆபரேஷன் ஆனவருக்கு இருமல் வந்தால் என்ன பாடு என்று பிசியோ சொல்வார். மந்திரிப்பவரை வீட்டுக்கு வரச்சொல்லுங்கள். மருந்தை நிறுத்தச் சொன்னால் அதை மட்டும் கேட்காதீர்கள்.

முழித்தும் கை கால் அசையாமல் யாரோ அமுக்குவதுபோல் இருக்கும் "அமுக்குவான்" வேறு. ரெம் தளர்ச்சி விலகுவதற்குள் புத்தி முழித்துக்கொள்வதால் வருவது, சில நிமிஷத்தில் விட்டுவிடும். மல்லாந்து படுப்பவருக்கு அதிகம் வரும்.

ஒரே கனவு திரும்பத் திரும்ப வந்தால் பகல் ஒத்திகை முறை நன்றாக உதவும். கனவை எழுதச் சொல்லுங்கள், எழுதத் தெரியாதவர் மகளிடம் சொல்லட்டும். பிறகு எந்த இடத்தில் வேண்டுமானாலும் அவர் விரும்பியபடி கதையை மாற்றட்டும். ஸ்டிரெச்சரில் தள்ளிப்போகிறார்கள், லிஃப்ட் கதவு மூடுகிறது, இருட்டு என்று கனவு இருந்தால், லிஃப்ட் கதவு சில்வர் பீச் மணலில் திறக்கிறது, காற்று அடிக்கிறது, எழுந்து நடக்கிறார் என்று மாற்றலாம். மாற்றிய கதையை மட்டும் தினம் பகலில் 10 முதல் 20 நிமிஷம் கண்மூடி மனதில் ஓட்டவேண்டும். பழைய கனவை ஒத்திகை பார்க்கக்கூடாது. மிகக் கொடுமையான கனவில் தொடங்காமல் கொஞ்சம் லேசானதில் தொடங்குங்கள். டெலிரியத்தில் இருப்பவருக்கு இது ஆகாது.

ஐசியூவில் இருந்தவர்களுக்குக் காணாமல் போன நாட்களை நிரப்பிக் கொடுங்கள். எந்தத் தேதி என்ன நடந்தது, எப்போது குழாய் எடுத்தார்கள், யார் வந்து பார்த்தார்கள் என்று குடும்பம் ஒரு நோட்டில் எழுதிவைத்தால், "நர்ஸ் என்னைக் கொல்லப் பார்த்தாள்" என்ற நினைவு எந்த ஊசி, எந்த நேரம் என்று அவருக்கே புரியும்.

நம் கடற்கரை ஊர்களுக்கு இன்னொரு கேள்வி அவசியம். 2004 சுனாமியில் ஆட்களைப் பறிகொடுத்தவர்களுக்கு, தொண்டைக் குழாயும் மூச்சுத்திணறலும் பழைய தண்ணீரை எழுப்பிவிடும். ஏற்கெனவே பேரதிர்ச்சி கண்டவர்களுக்கு ஐசியூவுக்குப் பிறகு மன உளைச்சல் நோய் வர வாய்ப்பு அதிகம். ஒரு மாதம் தாண்டியும் கனவு விடவில்லை, பகலிலும் காட்சி வருகிறது, செக்கப்புக்கு ஆஸ்பத்திரி வாசல் மிதிக்கவே மறுக்கிறார் என்றால் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. உடனே பேச அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் பேசலாம்.

இரவுப்பணி

பாண்டிக்கும் கடலூருக்கும் பொதுவா ஒண்ணு, யாரும் வாய்திறந்து சொல்லாதது: குடி. தினம் குடிக்கிறவர் அட்மிட் ஆன அன்னைக்கே நின்னுடுது. கடைசியா குடிச்சதுல இருந்து 48 மணியில இருந்து 96 மணிக்குள்ள கை நடுக்கம், வியர்வை, வேகமான நாடி, சுவத்துல பூச்சி ஓடுறதா காட்சி. அதுக்கு முன்னாடியே வலிப்பும் வரலாம். இது உயிரைக் குடிக்கிற நிலை. வீட்டுக்காரம்மா கௌரவம் பார்த்து "எப்பவாச்சும்தான்"னு சொல்லிடுறாங்க. மயக்க டாக்டர் கேட்கிறப்போ குவாட்டரா, ஆஃபா, சாராயமா, கடைசியா எப்போன்னு அளவோட சொல்லுங்க. முன்கூட்டியே தெரிஞ்சா தயமின் ஊசியும் மத்த மருந்தும் போட்டு இதைத் தடுக்கலாம். யாரும் திட்ட மாட்டாங்க.

வருஷக்கணக்கா அல்பிரசோலாம் போட்டுத் தூங்குறவங்களும் இதே மாதிரி சொல்லியாகணும். அதைத் திடீர்னு விட்டாலும் வலிப்பு வரும். பழக்கமே இல்லாத பெரியவருக்குக் கனவை நிறுத்தன்னு டிராமடாலோட சேர்த்துக் குடுத்தா மூச்சு மந்தமாகும்.

சாமியார்பேட்டை

ஹான்ஸ், சிகரெட் விட்டவருக்கு நிக்கோடின் பிளாஸ்திரி ஒட்டியிருக்காங்க. கனவு தாங்கலைங்கிறார். அதைக் கழட்டலாமா?

மருந்துச்சீட்டு

24 மணி நேர பிளாஸ்திரின்னா ராத்திரி முழுக்க நிக்கோடின் போய்க்கிட்டே இருக்கும், அது கனவைக் கிளப்பும். டாக்டர்கிட்ட கேட்டுட்டு, படுக்கப் போறப்போ உரிச்சுட்டு, காலையில எழுந்ததும் வேற இடத்துல புதுசு ஒட்டுங்க. உரிச்சதை ஒட்டின பக்கம் உள்ள போற மாதிரி மடிச்சுப் போடுங்க, குழந்தைங்க கையில சிக்கக் கூடாது. காலையில எழுந்ததும் புகையிலை ஆசை தாங்க முடியலைன்னா பிளாஸ்திரி வேலை செய்ய ஆரம்பிக்கிற வரைக்கும் நிக்கோடின் சூயிங்கம் கேட்டு வாங்கிக்கலாம்.